மணலில் கீரை

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களில் மண் பெரும்பாலும் மணல்தான். அதில் யூரியா இட்டு நீர் பாய்ச்சினால், சல்லடையில் ஊற்றியது போல வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். மக்கிய எருவோ நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும்.

மீன் சுத்தம் செய்யுமிடத்தில் தலையும் குடலும் குவிகின்றன அல்லவா? அவற்றுடன் சம எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால், சுமார் மூன்று வாரத்தில் நொதித்து ‘மீன் அமிலம்’ ஆகும். லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் கலந்து தெளித்தால் போதும். கீரை விதையை ஆறிய கஞ்சியில் குழைத்த அசோஸ்பைரில்லத்தில் புரட்டி விதைக்கலாம். அந்தப் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும்.

கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்க்காதீர்கள். மண்நீரில் உப்பு மிகுந்தால் சவ்வூடு பரவல் தடைப்படும். ஈரத்தில் நின்றபடியே கீரை வாடும். இயற்பியல் கற்பிக்கும் நானே ஒரு பாத்தியை இப்படிக் கெடுத்திருக்கிறேன்.