காகிதக் கைவினைத் தொழில்: வாங்கும் முன் ஒரு கணக்கு

ஓய்வு நேரத்தில் வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பைகளும் மொய் உறைகளும் செய்து பழகியவர்களுக்கு, அக்கம்பக்கத்தார் பாராட்டத் தொடங்கியதும் ‘இதையே தொழிலாக்கினால் என்ன?’ என்ற எண்ணம் எழுவது இயல்பு. காலமும் இதற்குச் சாதகமாகவே உள்ளது. ஒருமுறை மட்டும் பயன்படும் குறிப்பிட்ட நெகிழிப் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 முதல், 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள நெகிழிப் பைகளும் தடை செய்யப்பட்டன. அதனால் காகிதப் பைக்குக் கடைத்தெருவில் இடம் உண்டாகியிருக்கிறது.

எனினும், இத்தொழிலில் இறங்குவோர் பலர் முதல் அடியிலேயே சேமிப்பைக் கரைத்துவிடுகின்றனர். கண்ணைக் கவரும் வண்ணத்தாள்களையும் கருவிகளையும் முதலில் வாங்கிக் குவித்துவிட்டு, என்ன செய்து விற்கலாம் என்று பிறகு யோசிப்பதே அதற்குக் காரணம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பொருளைத் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பொருள் தாளைத் தீர்மானிக்கும். தாள் கருவியைத் தீர்மானிக்கும்.

தாளின் எடையை அறிதல்

தாளின் கனத்தைக் குறிக்க ‘ஜி.எஸ்.எம்.’ என்ற அளவு வழங்குகிறது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடையுள்ளது என்பதே இதன் பொருள். ஒரு சதுர மீட்டரில் ஏ4 அளவுத் தாள்கள் 16 அடங்கும். ஆகவே, கடைக்காரர் சொல்லும் அளவு சரிதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். 16 ஏ4 தாள்களைச் சமையலறைத் தராசில் வையுங்கள். தராசு காட்டும் கிராமே அத்தாளின் ஜி.எஸ்.எம். ஆகும்.

உறைகளுக்கு 90 முதல் 120 வரையும், சிறிய பைகளுக்கு 100 முதல் 150 வரையும், வாழ்த்து அட்டைகளுக்கு 220 முதல் 300 வரையும் பொதுவாகப் பொருந்தும். கனம் கூடினால் தரம் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. மொத்தக் கடைகளில் தாள் எடைக் கணக்கில் விலை பேசப்படுவதுண்டு. 23 அங்குலத்துக்கு 36 அங்குலம் உள்ள முழுத்தாள் 120 ஜி.எஸ்.எம். ஆனால் சுமார் 64 கிராம் எடையிருக்கும். 200 ஆனால் சுமார் 107 கிராம். முன்னது கிலோவுக்கு 15 தாள்களுக்கு மேல் கிடைக்கும். பின்னது 9 மட்டுமே. தேவைக்கு மேற்பட்ட கனம் நேராக உங்கள் இலாபத்திலிருந்தே போகிறது.

இழையின் திசை

ஆலைத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். இழையின் போக்கில் மடித்தால் மடிப்பு வழவழப்பாக அமையும். குறுக்கே மடித்தால், கனத்த அட்டை வெடித்து வெண்கோடு தெரியும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இலேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் திசையே இழையின் திசை. வாழ்த்து அட்டை செய்வோர் இச்சோதனையைச் செய்யாமல் ஒரு கட்டு முழுவதையும் வெட்டிவிடக் கூடாது.

கையால் வார்த்த தாளில் இத்தகைய திட்டமான இழைத் திசை இராது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேர், உத்தரப் பிரதேசத்தின் கால்பி, புதுச்சேரி ஆகிய இடங்களில் இத்தாள் செய்யப்படுகிறது. பருத்தித் துணிக் கழிவே இதன் முக்கிய மூலப்பொருள். மரம் வெட்டாத தாள் என்பதைச் சொல்லி நல்ல விலைக்கு விற்கலாம். ஆனால் ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் நிறமும் கனமும் சற்று மாறக்கூடும். ஒரே ஆணைக்கு வேண்டிய தாள் முழுவதையும், சேதத்துக்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து, ஒரே தடவையில் வாங்கிவிடுவது நலம்.

ஒரு தாளில் எத்தனை?

இனி, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். 8 அங்குல அகலமும் 3 அங்குலப் பக்கமும் 10 அங்குல உயரமும் உள்ள பை ஒன்றைச் செய்ய நினைக்கிறீர்கள். முன்னும் பின்னும் 16 அங்குலம், இரு பக்கங்களுக்கு 6, ஒட்டும் விளிம்புக்கு 1. ஆக அகலம் 23 அங்குலம். உயரம் 10, மேல் மடிப்பு ஒன்றரை, அடி மடிப்பு இரண்டரை. ஆக 14 அங்குலம்.

23க்கு 36 அளவுள்ள தாளில் இத்தகைய துண்டுகள் இரண்டே கிடைக்கும். 8 அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். அது தாளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பையின் உயரத்தை 8 அங்குலமாகக் குறைத்தால், துண்டின் உயரம் 12 ஆகும். அதே தாளில் மூன்று பைகள் மிச்சமின்றிக் கிடைக்கும். தாள் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் பை ஒன்றுக்குத் தாள் செலவு 6 ரூபாய். பின்னதில் 4 ரூபாய். 300 பைகளுக்கு 600 ரூபாய் வேறுபாடு. கடையில் பேரம் பேசி இவ்வளவு குறைக்க முடியாது. அளவுகோலும் பென்சிலும் குறைத்துத் தருகின்றன. வாடிக்கையாளருக்கு 10 அங்குல உயரமே தேவையானால், மிஞ்சும் பட்டையில் விலைச் சீட்டுகளோ சிறு உறைகளோ வெட்டத் திட்டமிடுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டத் துண்டைத் திருப்பி வெட்டும்போது, இழையின் திசையும் மாறிவிடும் என்பதை மறக்கலாகாது.

முதலில் வேண்டிய கருவிகள்

எஃகு அளவுகோல், அலகை முறித்து மாற்றும் கட்டர், ஏ3 அளவுள்ள கட்டிங் மேட், தாளுக்கென்றே ஒதுக்கிய கத்தரிக்கோல், மடிப்புக்கோடு பதிக்கும் கருவி ஆகியன தொடக்கத்துக்குப் போதும். கடைசியாகச் சொன்னதற்கு மை தீர்ந்த பேனாவே பயன்படும். 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட அட்டையைக் கோடு பதிக்காமல் மடிக்கக் கூடாது. கட்டர் அலகின் விலை சிறிது. மழுங்கிய அலகு கிழிக்கும் தாளின் விலை பெரிது. ஆகவே அலகில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் அளவுகோலை ஒட்டி வெட்டினால் அதன் விளிம்பு சிதைவதோடு, கத்தி விரலிலும் ஏறக்கூடும். அச்சு வெட்டும் இயந்திரம் போன்றவற்றை, ஒரே வடிவத்துக்கு ஆணைகள் தொடர்ந்து வரும்வரை தள்ளிப்போடுங்கள். விரலுக்குத் தக்க வீக்கமே நலம்.

பசையும் பாதுகாப்பும்

வெள்ளைப் பசை உறுதியானது. ஆனால் நீர் கலந்தது. மெல்லிய தாளில் தடிப்பாகப் பூசினால் சுருக்கம் விழும். மைதாப் பசை மலிவானது. ஆனால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டும். உருக்கி ஒட்டும் பசை விரைவில் இறுகும்; கடும் வெயிலில் இளகக்கூடும். எந்தப் பசையானாலும், மாதிரி ஒன்றைச் செய்து சில நாள் வைத்துப் பார்த்த பின்னரே ஆணைக்குப் பயன்படுத்துங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் தரையில் படாமல் பலகை மீது படுக்கையாக அடுக்கி, பாலித்தீன் உறையால் மூடி வைக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை: பழைய செய்தித்தாளில் செய்த பைகளை உணவுக் கடைகளுக்கு விற்காதீர்கள். அச்சு மை உணவில் கலக்கும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன.

விலையும் கடனும்

தாள், பசை, கயிறு, சேதம், போக்குவரத்து ஆகியவற்றுடன் உங்கள் உழைப்புக்கான கூலியையும் எழுதிய பிறகே விலை குறிக்க வேண்டும். வீட்டில் செய்கிறோம் என்பதற்காகக் கூலியை விட்டுவிட்டால், ஆணைகள் பெருகப் பெருக உழைப்பே மிஞ்சும், பணம் மிஞ்சாது. தொழில் வரவு செலவுக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். வீட்டுச் செலவோடு கலந்த வருவாயில் இலாபம் எது என்று கண்டறிவது அரிது.

உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்து, குறுந்தொழில் முனைவோர் என்ற சான்றிதழைப் பெறலாம். 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில், ‘ஷிஷு’ பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. ஆனால் கடன், விற்பனையைப் பெருக்குவதற்கே தவிர, விற்குமா என்று பார்ப்பதற்கன்று. முதல் நூறு பொருள்களைச் சிறு முதலீட்டில் செய்து விற்றுப் பாருங்கள். எது விற்றது, எது தங்கியது, ஒன்றுக்கு என்ன செலவாயிற்று என்ற குறிப்பேட்டுடன் வங்கிக் கிளைக்கு வாருங்கள். எவ்வளவு கடன் தேவை, எதற்குத் தேவை என்பதை அக்குறிப்பேடே தெளிவாகச் சொல்லிவிடும்.