பிரேக் மிதி பஞ்சாய் அமுங்கினால்?

கேள்வி: என் பழைய பொலேரோ பிக்கப்பில் பிரேக் மிதி பஞ்சுமாதிரி அமுங்குகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. என்ன கோளாறு?

பதில்: மிதிக்க மிதிக்க மேலே வந்தால், லைனில் காற்று புகுந்திருக்கலாம், பின் டிரம்மில் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கவும் கூடும். முதலில் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் பின் சக்கரங்களின் உட்புறம் ஈரமா என்று தடவிப் பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல், அழுத்திப் பிடித்த மிதி மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலை 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் கொதித்து ஆவியானால் மிதி தரைக்கே போய்விடும். சரிசெய்யும்வரை தயவுசெய்து லோடு ஏற்றாதீர்கள்.