காத்திருக்கும் வாடிக்கையாளரும் மூன்று சிறு தம்ளர்களும்



நான் டீத்தூள், காப்பிக்கொட்டை மொத்த வியாபாரம் செய்பவன். தரமணியில் இருந்துகொண்டு சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்கு நாற்பது ஆண்டுகளாகச் சரக்கு போட்டு வருகிறேன். என் படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. ஆகவே இதைப் பெரிய ஆராய்ச்சி என்று எண்ண வேண்டாம். கண்ணால் கண்டு, செய்து பார்த்து, கொஞ்சம் நஷ்டமும் பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

கடை வாசலில் நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. பாக்கி வசூலுக்காகத் தரமணியில் ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். அப்பா காலத்திலிருந்து என்னிடம் சரக்கு எடுக்கும் கடை. இப்போது மகன் நடத்துகிறார். டைடல் பார்க் பக்கம் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்தான். பேச்சைப் பார்த்தால் வடக்கத்தியப் பையன். பருப்பு, அரிசி, எண்ணெய் என்று சீட்டைக் கொடுத்துவிட்டு, "டீத்தூள்ல எது ஸ்ட்ராங்?" என்று கேட்டான்.

"எல்லாமே நல்லாத்தான் இருக்கும். எது வேணும்னு சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. சாமான் கட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீத்தூள் வாங்காமலே போய்விட்டான். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா அண்ணாச்சி? போன்ல ஆர்டர் போட்டுக்குவான். இந்த வருஷத்தோட கடையை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

எனக்கு மனசு சங்கடப்பட்டது. அவர் கடை மூடினால் எனக்கும் ஒரு கணக்கு போகும். ஆனால் அதைவிட என்னை உறுத்தியது அந்தப் பத்து நிமிடம்தான். கையில் பணத்தோடு, வாங்கும் எண்ணத்தோடு ஒருவன் நம் கடையில் நிற்கிறான். கேள்வியும் கேட்கிறான். நாம் அவனைச் சும்மா நிற்க வைத்து அனுப்புகிறோம். அப்போதுதான் 2018இல் நான் அமெரிக்கா போனபோது கண்ட ஒரு கடை நினைவுக்கு வந்தது.

விமானம் மாறும் நேரத்தில்

மகள் வீட்டுக்குப் போகும் வழியில், வாஷிங்டன் நகரத்து டல்லஸ் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காக நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உடன் வந்த மாப்பிள்ளை, "மாமா, இங்கே ஒரு ஒயின் கடை இருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு வாங்க, பார்த்துட்டு வரலாம்" என்றார். நான் தயங்கினேன். நமக்கு ஒயின் ஷாப் என்றால் மனக்கண்ணில் வருவது வேறு காட்சி. உள்ளே போய்ப் பார்த்தால் கூச்சல் இல்லை, நெரிசல் இல்லை. வயதான பெண்மணிகள்கூட அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

கடையின் பெயர் வினோ வோலோ. இத்தாலிய மொழியில் வினோ என்றால் ஒயின். வோலோ என்றால் பறத்தல். டக் டாம்லின்சன் என்பவர் 2005இல் இதே டல்லஸ் நிலையத்தில் முதல் கடையைத் திறந்தார். பிறகு பல விமான நிலையங்களுக்குப் பரவியது. 2017இல் விமான நிலையக் கடைகளையே தொழிலாகக் கொண்ட பாரடீஸ் லகார்டேர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

மாப்பிள்ளை கேட்டது ஒரு முழுத் தம்ளர் அல்ல. மூன்று சிறு தம்ளர்களில் மூன்று வகை ஒயின் வந்தது. ஆங்கிலத்தில் இப்படி வரிசையாக ருசி பார்ப்பதற்கு ஃபிளைட் என்றே பெயர். விமானத்துக்கும் அதே சொல் என்பதால் கடைக்கு அது பொருத்தமாக அமைந்துவிட்டது. தம்ளருக்கு அடியில் சிறு அட்டை. எந்த ஊர்ச் சரக்கு, எந்தத் திராட்சை, ருசி எப்படி என்று இரண்டு மூன்று வரிகள். பரிமாறிய பெண், மெல்லியதில் தொடங்கிக் கடைசியில் கனமானதைக் குடிக்கச் சொன்னாள். கனமானதை முதலில் குடித்தால் மற்றது வாயில் எடுபடாது என்பது காரணம்.

நானும் ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு ருசி பார்த்தேன். (வீட்டில் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்!) டீத்தூள் ருசி பார்த்துப் பழகிய நாக்கு எனக்கு. முதலாவது புளிப்பு, இரண்டாவதில் பழ வாசனை, மூன்றாவது நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. நம் டீயில் இருக்கும் அதே துவர்ப்பு. நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதிலும் ஒரு மணி நேரத்தை மிகவும் சந்தோஷமாகக் கழித்தேன்.

அந்தக் கடையின் கணக்கு

வியாபாரி கண் சும்மா இருக்குமா? உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன்.

ஒயின் பாட்டில் பொதுவாக 750 மில்லி. முழுத் தம்ளர் 150 மில்லி என்றால் பாட்டிலுக்கு 5 தம்ளர். ருசி பார்க்கும் அளவு சுமார் 60 மில்லி; அப்படி ஊற்றினால் பாட்டிலுக்கு 12. மூன்று சிறு தம்ளர் சேர்ந்தால் 180 மில்லி. அதாவது ஒரு முழுத் தம்ளரைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அளவு பெரிதாகக் கூடவில்லை. தேர்ந்தெடுக்கும் வசதி கூடியது. அதற்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். மாதிரியை அவர்கள் இனாமாகக் கொடுக்கவில்லை, விற்கிறார்கள். இதுதான் முதல் பாடம்.

பிடித்துப்போனால் முழுப் பாட்டிலாகவும் வாங்கலாம். 2006 ஆகஸ்டுக்குப் பிறகு விமானப் பயணிகள் திரவங்களைச் சோதனைக்குள் கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஆகவே சோதனை தாண்டி உள்ளே இருக்கும் கடைக்குத்தான் வாய்ப்பு.

அவர்களுக்கும் தொல்லை உண்டு. விமான நிலைய இடத்துக்குப் பெரும்பாலும் விற்பனையில் இத்தனை சதவீதம், அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை, இவற்றில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று நாளில் ருசி கெடும். நம் காப்பித்தூளை அரைத்துத் திறந்து வைத்தால் வாசனை போவதும் இதே காற்றால்தான்.

விலையும் நாணயமும்

மூன்று சிறு தம்ளருக்கு அன்று ஆன தொகை நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மலிவு அல்ல. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. விலை, அளவு, சரக்கின் விவரம் எல்லாம் முதலிலேயே எழுதியிருந்தது.

காத்திருப்பவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவரைப் பிழிவது வேறு. அந்தக் குறை நம் நாட்டிலும் இருந்தது. 2018 ஜனவரி 1 முதல், ஒரே பொட்டலத்துக்கு இடத்துக்கு ஒன்றாக இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்திலும், 2025 பிப்ரவரியில் நமது மீனம்பாக்கத்திலும் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடை திறக்கப்பட்டது. டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய். காத்திருப்பவருக்கும் மனக்கணக்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரையும் ஒயின் விற்கச் சொல்லவில்லை, குடிக்கவும் சொல்லவில்லை. நமது மாநிலத்தில் மது மொத்த வியாபாரம் 1983 முதலும், சில்லறை வியாபாரம் 2003 முதலும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்தான்.

தரமணியில் செய்து பார்த்தோம்

மறுவாரமே அந்தக் கடைக்காரரிடம், "தம்பி, மூடுறது இருக்கட்டும். மூணு மாசம் நான் சொல்றபடி செஞ்சு பாருங்க" என்றேன். சனி, ஞாயிறு மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை. மூன்று வகை டீத்தூள்: நீலகிரி இலைத்தூள், நீலகிரி டஸ்ட், அஸ்ஸாம் கலந்த டஸ்ட். வகைக்கு 30 மில்லி வீதம் மூன்று சிறு எவர்சில்வர் தம்ளர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. அதனால் கழுவித்தான் ஆக வேண்டும். கட்டணம் 10 ரூபாய். கால் கிலோ வாங்கினால் அந்தப் பத்து ரூபாய் கழிவு.

செலவுக் கணக்கு இது. டீத்தூள் கிலோ 300 ரூபாய் என்றால், மூன்று தம்ளருக்கு 2 கிராம் தூள் 60 காசு. பால் 45 மில்லி, லிட்டர் 60 ரூபாய் வீதம் 2 ரூபாய் 70 காசு. சர்க்கரை, கேஸ், கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 5 ரூபாய். கால் கிலோ 75 ரூபாய்க்கு விற்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் லாபம் 9 ரூபாய். ருசி பார்த்து வாங்கியவரிடம் 4 ரூபாய் நிற்கும். வாங்காமல் போனவரிடம் 5 ரூபாய் நிற்கும். இனாமாகக் கொடுத்திருந்தால், வாங்காமல் போகும் ஒவ்வொருவருக்கும் 5 ரூபாய் கைநஷ்டம். பிடித்துப்போனவர் அடுத்த மாதம் ருசி பார்க்காமலே வாங்குவார். அப்போது 9 ரூபாயும் முழுசாக நிற்கும்.

முதல் இரண்டு வாரம் தோல்விதான். கடைப் பையன் ஐந்து மணிக்கே பாலோடு சேர்த்துக் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டான். எட்டு மணிக்கு ருசி பார்த்த ஓர் அம்மா, "இதுக்குப் பத்து ரூபாயா?" என்று கேட்டுவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தவறு என்னுடையது. பையனுக்கு நான் சொல்லித் தரவில்லை. அதன் பிறகு டிகாஷன் தனி, பால் தனி. கேட்கும்போதுதான் கலப்பது என்று மாற்றினோம். காப்பியிலும் முயன்றோம். டிகாஷன் இறங்க நேரம் பிடித்ததால் அது சரிவரவில்லை; விட்டுவிட்டோம்.

மாதம் 12 கிலோ விற்ற சில்லறை டீத்தூள், மூன்று மாதம் முடிவில் 19 கிலோவுக்கு வந்தது. கோட்டை கட்டும் லாபம் இல்லை. பாக்கெட் சரக்கு விற்பனை இன்னும் போன் ஆர்டருக்குத்தான் போகிறது. ஆனால் கடைக்காரர் வாடகைக்கு விடும் பேச்சை எடுப்பதில்லை. "அண்ணாச்சி, இப்ப என் கடை டீயைப் பேர் சொல்லிக் கேக்கறாங்க" என்கிறார். அந்தப் பேர் எந்தப் போனிலும் கிடைக்காது அல்லவா?

செய்ய விரும்புவோர் கவனத்துக்கு

1. மூன்று வகைக்கு மேல் வைக்காதீர்கள். நான்காவது வந்தால் நாக்கும் குழம்பும், மனசும் குழம்பும்.

2. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். உலகத் தர முறையில் ருசி பார்க்க 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. அங்கே சரக்கு வாங்குவோரும் கோப்பைகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். நமக்கு அந்த வசதி இருக்கும்போது, வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் கூடாது?

3. மெல்லியதில் தொடங்கிக் கடுப்பானதில் முடியுங்கள்.

4. அட்டையில் உண்மையை எழுதுங்கள். ஊர், வகை, விலை, யாருக்குப் பொருந்தும் என்பது போதும். எல்லாம் முதல் தரம் என்று எழுதினால் அட்டையே தேவையில்லை. தரமணி போன்ற இடத்தில் இந்தியிலும் ஒரு வரி இருந்தால் நல்லது.

5. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றில் டீ தயாரித்து விற்பதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ருசி பார்த்தது தட்டில் இருப்பது ஒன்று, பொட்டலத்தில் போவது இன்னொன்று என்று ஆகிவிடக் கூடாது. ஒரு முறை அப்படி நடந்தால் பத்து வருட நம்பிக்கை போய்விடும்.

டீத்தூளோடு நிற்க வேண்டியதில்லை. வெல்லம், ஊறுகாய், நல்லெண்ணெய் என எதிலும் இதைச் செய்து பார்க்கலாம். விமான நிலையத்தில் நான்கு மணி நேரக் காத்திருப்பை ஒருவர் வியாபாரமாக மாற்றினார். நம் கடை வாசலிலும் தினமும் பத்துப் பத்து நிமிடமாகக் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை யாராவது "எது நல்லது?" என்று கேட்டால், "எல்லாமே நல்லதுதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

செய்து பார்த்தவர்கள், லாபமோ நஷ்டமோ, நமது இதழுக்கு எழுதுங்கள். மற்றவருக்கு உதவும்.