இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் பொறுப்பு

பிறர் பணத்தைக் கையாளுவோனும், பிறர் சொல்லை எழுதுவோனும் இரட்டிப்பான கவனமுடையவராதல் வேண்டும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் தொழிலில் இவ்விரண்டும் உள. நம் மாணவருட் சிலர் பிற்காலத்தில் இத்தொழிலிற் புகக்கூடுமாதலின், அதிற் பழி நேரும் வழிகளையும் அவற்றை விலக்கும் முறைகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதலாவது பணம். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனில் பாலிசிகள் பெற்றிருந்த ஒருவர், தவணை கடந்த பிரீமியத்துக்காக 1987 ஜூன் மாதத்தில் ஏஜெண்டிடம் செக் கொடுத்தார். செக் உடனே பணமாக்கப்பட்டது, பிரீமியமோ கட்டப்படவில்லை. ஆகஸ்டு 9-ஆம் தேதி அவர் விபத்தில் இறந்தார். அதன் மறுநாளே பிரீமியம் அலுவலகத்திற் செலுத்தப்பட்டது. பாலிசிகள் காலாவதியாயின என்று கார்ப்பொரேஷன் தொகையை மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. பிரீமியம் வசூலிக்க ஏஜெண்டுக்கு அதிகாரமில்லையாதலின் கார்ப்பொரேஷன் பொறுப்பாகாது என 1997-இல் தீர்ப்பாயிற்று. ஆகவே, எழுத்தாலான அதிகாரமின்றி ஏஜெண்டு பணம் பெறலாகாது. செக்கைக் கம்பெனியின் பெயருக்கே எழுதுவித்து, ரசீது கிடைத்ததா என்றும் விசாரித்தல் வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பப் பத்திரம். நீரிழிவுள்ளவர் அதனைச் சொல்லியும், “இது சிறிது” என்று ஏஜெண்டு விட்டுவிடின் விளைவு யாது? 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி, மூன்றாண்டு கடந்தபின் ஆயுள் பாலிசியை எக்காரணத்தாலும் மறுத்தலாகாது. அதற்குள் மறைவு வெளிப்படின் மறுக்க இடமுண்டு. எனவே விடைகளைச் சொன்னபடியே எழுதி, அவர் அறிந்த மொழியிற் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதல் முறை. வெற்றுப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குதல் பெருந்தவறாம்.

மூன்றாவது வாக்கு. பாலிசியில் இல்லாத லாபத்தை உறுதி கூறுதலும், எவை விலக்கப்பட்டன என்பதைச் சொல்லாதிருத்தலும் வழக்கிற்கு வித்தாகும். கமிஷனிற் பங்கு தருவதாக ஆசை காட்டுதலை அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவே தடுக்கின்றது.

நான்காவது குறிப்பு. யாது கேட்கப்பட்டது, யாது விளக்கப்பட்டது, எப்போது என்பவற்றை அன்றன்றே எழுதிவைத்தல் வேண்டும். பல்லாண்டு கழிந்து நினைவு மங்கிய காலத்தில் அதுவே சாட்சியாம்.

தொழிற்பொறுப்புக்கென்றே தனி இன்ஷூரன்ஸும் உண்டு. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் தரகர்க்கு அது கட்டாயம். எனினும் அது கவனக்குறைவின் நட்டத்தை ஈடுசெய்யுமேயன்றி, வேண்டுமென்றே செய்த வஞ்சனைக்கு உதவாது. மேற்கூறிய முறைகள் ஏஜெண்டை மட்டுமன்றி, அவரை நம்பிக் கையொப்பமிட்டவரின் குடும்பத்தையும் காப்பன என்பதை நாம் மறவாதிருப்போமாக.