கொப்பம் போர்

ஆறுகள் பண்டைக் காலத்தில் நாடுகளுக்கு எல்லையாகவும் விளங்கின. ஐரோப்பாவில் ரோமப் பேரரசின் எல்லையாக ரைன் ஆறு இருந்தது. அதைக் கடந்துவந்த செருமானியக் குடியினரோடு ரோமர் பலமுறை பொருதனர். நாம் வாழும் கருநாடகத்தில் துங்கபத்திரை அத்தகைய எல்லையாக இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் அதன் தெற்கே சோழரும் வடக்கே சாளுக்கியரும் ஆண்டனர். பெங்களூரு அமைந்துள்ள கங்கபாடி அப்போது சோழர் ஆட்சியில் இருந்தது.

முதலாம் இராசேந்திரனின் மகன் இராசாதிராசன், சாளுக்கியரின் தலைநகராகிய கல்யாணியை வென்றான். அங்கிருந்து அவன் கொண்டுவந்த வாயிற்காவலர் சிலையை இன்றும் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் காணலாம்.

அதன் பின்னும் பகை தணியவில்லை. கி.பி. 1054-இல் பேராற்றங்கரையிலுள்ள கொப்பத்தில் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரன் சோழர் படையை எதிர்த்தான். யானைமீதிருந்து போரிட்ட இராசாதிராசன்மேல் பகைவர் அம்புமாரி பொழிந்தனர். அவன் யானைமீதே உயிர்துறந்தான். அரசனை இழந்த படை நிலைகுலைந்து பின்வாங்கியது.

அப்போது அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் தன் யானையை முன்செலுத்தினான். யானையின் நெற்றியிலும் அவனுடைய தொடையிலும் அம்புகள் தைத்தன. ஆயினும் அவன் களத்தில் நிலைத்து நின்றான். படை மீண்டும் திரண்டது. சோமேசுவரன் களம் நீங்கினான். இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடினான் எனச் சோழர் கல்வெட்டுகள் கூறுகின்றன. இறந்த அண்ணனை அவை 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று குறிக்கின்றன.

சோழர் வென்றனர், ஆயினும் எல்லை மாறவில்லை. துங்கபத்திரையே எல்லையாக நீடித்தது. சோமேசுவரன் 1068 வரை ஆண்டான், போர்களும் தொடர்ந்தன. ஓர் அரசனும் எண்ணற்ற வீரரும் உயிரிழந்தும் ஆறு இருந்த இடத்திலேயே ஓடியது.

அக்காலத்தை அறியக் கல்வெட்டுகளே துணை. நம் நகரிலும் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பேகூரில் பெங்களூருவின் பெயரைக் கூறும் பழங்கன்னட நடுகல் உள்ளது.

அருஞ்சொற்பொருள்
பொருதனர் – போரிட்டனர்
அம்புமாரி – அம்பு மழை
துஞ்சிய – உறங்கிய, இங்கு, இறந்த

இலக்கணம் அறிவோம்
இறந்தார் என்னாமல் 'துஞ்சினார்' என நன்மொழியால் கூறுவது மங்கலம்.

பயிற்சி
1. சோழருக்கும் சாளுக்கியருக்கும் எல்லையாக இருந்த ஆறு எது?
2. பின்வாங்கிய படை மீண்டும் திரண்டது ஏன்?
3. பிரித்து எழுதுக: பேராற்றங்கரை, போர்க்களம்.
4. கொப்பம் போரால் சோழர் பெற்றது என்ன? இழந்தது என்ன? ஐந்து வரிகளில் எழுதுக.