எண்ணெய் அழுத்த விளக்கு எரியும்போது

1895-இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்தபோது நீரில் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் தேக்கடி ஏரியில் இன்றும் நிற்கின்றன. எஞ்சின் நின்றுவிட்ட படகு அவற்றினிடையே காற்று தள்ளும் திசையில்தான் செல்லும். ஆகவே, எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால், உணர்கருவியின் கோளாறு என்று எண்ணிப் படகை மேலும் செலுத்துதல் கூடாது. அழுத்தமின்றி ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் விரைவில் தேய்ந்து கெடும்.

கரையில் எஞ்சினை நிறுத்தி, முதலில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் சாவியைத் திருப்பிவைத்து, உணர்கருவியின் கம்பியைக் கழற்றுக. விளக்கு அணையாவிடில், உறை தேய்ந்த கம்பி எங்கோ எஞ்சின் உடலைத் தொடுகிறது. (மின்கலம், சிறுவிளக்கு, இரும்புத் தகடு ஆகியவற்றால் ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம்.)

அணைந்தால், குறை உணர்கருவியிலோ எஞ்சினிலோ இருக்கலாம். விளக்கைக் கொண்டு இதனை அறிய இயலாது. உணர்கருவியை அகற்றி, அவ்விடத்தில் முள்காட்டும் அழுத்தமானியைத் திருகி, எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டுக. கையேட்டில் கண்ட அழுத்தம் இருந்தால் உணர்கருவியை மாற்றினால் போதும். குளிர்ந்த நிலையில் போதிய அழுத்தம் காட்டி, சூடான பின் மெதுவோட்டத்தில் முள் தாழ்ந்தால், பேரிங்கோ எண்ணெய்ப் பம்போ தேய்ந்திருக்கலாம். ஆயினும் எஞ்சினைப் பிரிக்குமுன் அளவுகோலை முகர்ந்து பார்ப்பது நன்று: டீசல் வாடை வீசி, எண்ணெய் மட்டமும் உயர்ந்திருப்பின், எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துள்ளது.