முழங்காலுக்கும் நடிப்பு உண்டு

அன்புத் தங்கைக்கு,

நைஜீரியப் படங்கள் சில பார்த்ததாகவும், நடிப்பில் சத்தம் அதிகம் என்று பட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஹூபர்ட் ஒகுண்டே போன்றோர் நடத்திய, யொருபா இனத்தாரின் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஆடியவை. கடைசி வரிசை வரை குரல் எட்டியாக வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் பலர் படங்களுக்கு வந்தார்கள். 1992-இல் இக்போ மொழியில் வெளியான 'லிவிங் இன் பாண்டேஜ்' வீடியோ கேசட்டில் விற்றுத் தீர்ந்தபின் படங்கள் குவிந்தன. கையில் காசும் குறைவு, ஒத்திகைக்கு நேரமும் குறைவு. உரத்த நடிப்பு நிலைத்துவிட்டது.

நீ குரலை விட்டுவிட்டு உடம்பைக் கவனி. யொருபா வீட்டில் மூத்தவரைக் கண்டால் ஆண்பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும், பெண் மண்டியிட வேண்டும். இன்றைய நகரத்து இளைஞர் பலர் குனிந்து விரலால் தரையைத் தொடுவதோடு சரி. இதில்தான் நடிகனுக்கு வேலை இருக்கிறது. அப்பாவிடம் கோபமாக இருக்கும் மகன் எவ்வளவு குனிவான்? பொய் சொல்ல வந்தவன் எவ்வளவு குனிவான்? வசனம் தொடங்கும் முன்பே பாத்திரம் நமக்குப் புரிந்துவிடும்.

இக்போக்களிடம் விருந்தாளிக்குக் கோலாக் கொட்டை வைப்பது வழக்கம். மூத்தவர் அதை வலக்கையில் ஏந்தி வேண்டிக்கொண்ட பின் உடைப்பார்கள். கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்று அவர்கள் சொல்வதுண்டு. வேண்டுதல் இக்போவில்தான் நடக்கும். இந்தக் காட்சியில் நடிகன் அவசரப்பட்டால் ஊரே சிரிக்கும்.

அதற்காக ஆங்கிலம் கலந்தால் போலி என்று நினைத்துவிடாதே. ஜெனிவீவ் நாஜி இயக்கி நடித்த 'லயன்ஹார்ட்' (2018) பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறது என்று 2019-இல் ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவிலிருந்து நீக்கினார்கள். நைஜீரியாவின் ஐநூறுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுவோரை இணைப்பது ஆங்கிலம்தான் என்று அவர் பதில் சொன்னார். யாரிடம் எந்த மொழியில் பேசுகிறோம், எந்த இடத்தில் தாய்மொழிக்குத் தாவுகிறோம் என்பதும் அந்த மண்ணின் வழக்கம்தான்.

வேடத்துக்கான தொப்பியும் பவழ மாலையும் வாடகைக்குக் கிடைக்கும். வணங்கும் பழக்கம் கிடைக்காது. பார்த்துப் பார்த்துத்தான் உடம்பில் ஏற வேண்டும். அடுத்த படத்தில் ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார். யார் பெரியவர், யாருக்கு யார் மேல் வருத்தம் என்று கண்டுபிடித்து எனக்கு எழுது. நீ நம் ஊர்ப் பாத்திரம் ஏற்று நடிக்கும்போதும் இதே பயிற்சி உனக்கு உதவும்.

அன்புடன்,
அண்ணன்